கொடைக்கானலுக்கு ரயில் இருக்கா? கொடை ரோடு, பழனி... எங்கே இறங்கணும்?

சீசன் வந்தாலே கொடைக்கானலுக்கு ரயில் டிக்கெட் தேடுபவர்கள் அதிகம். தேடினால் 'கொடைக்கானல் ரோடு' என்ற ஸ்டேஷன் வரும். பெயரை நம்பி இறங்கினால் குளிரும் இருக்காது, ஏரியும் இருக்காது. அந்த ஊர் அம்மையநாயக்கனூர். மலையில் இருக்கும் கொடைக்கானலுக்கு அங்கிருந்து இன்னும் சுமார் 80 கி.மீ. பஸ்ஸில் போகணும்.

ஊட்டிக்கு ரயில், கொடைக்கு ஏன் இல்லை?

ஊட்டி, பழைய சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகரம். மலை ரயில் 1899-ல் குன்னூரையும் 1908-ல் ஊட்டியையும் எட்டியது. கொடைக்கானலோ, 1845-ல் அமெரிக்க மிஷனரிகள் வெயிலுக்குத் தப்பி வந்து வீடு கட்டிய ஊர். பல வருஷம் அங்கே போனவர்கள் பெரியகுளம் பக்கமிருந்து நடந்தோ, டோலியில் உட்கார்ந்தோதான் ஏறினார்கள். பிறகு வத்தலக்குண்டு வழியாக லாஸ் காட் ரோடு வந்தது. தண்டவாளம் வரவே இல்லை.

அழகான பாதை எது?

சென்னையிலிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸில் வந்தால் கொடை ரோடு வசதிதான். ஆனால் வேடிக்கை பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றால் திண்டுக்கல் – பழனி – பொள்ளாச்சி – பாலக்காடு பாதைதான் சரி. மீட்டர் கேஜாக இருந்து, அகலப் பாதைப் பணிக்காகச் சில வருஷம் மூடிக் கிடந்து, 2015-ல் முழுசாகத் திறந்த பாதை இது. திருச்செந்தூர் – பாலக்காடு ரயில் இந்த வழியாகத்தான் ஓடுகிறது.

திண்டுக்கல்லில் ஏறினால் இடது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காய்கறிச் சந்தைக்குப் பேர்போன ஒட்டன்சத்திரம் தாண்டியதும் பழனி மலைத்தொடர் கூடவே வரும். அடுத்து பழனி கோயில் மலை. மடத்துக்குளம் பக்கம் அமராவதி ஆறு, உடுமலையில் காற்றாலைகள், பொள்ளாச்சி நெருங்க நெருங்க தென்னந்தோப்பு. மழைக்காலத்தில் மலை முழுக்க மேகம் இறங்கியிருக்கும். ஏசி பெட்டியின் மங்கலான கண்ணாடியை விட சாதா பெட்டி ஜன்னலே இதுக்கு மேல்.

பழனியில் இறங்கினால் கொடைக்கானல் சுமார் 64 கி.மீ. காட்டுக்குள் வளைந்து ஏறும் மலைப்பாதை, பெருமாள்மலையில் வத்தலக்குண்டு ரோட்டோடு சேரும். தலை சுற்றும் என்பவர்கள் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருவது நல்லது.

ரயிலில் வந்தால் இ-பாஸ் வேணுமா?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 சுற்றுலா வாகனங்கள் மட்டும் என்று கட்டுப்பாடும் வந்தது. இந்தக் கணக்கு வாகனத்துக்குத்தான். அரசு பஸ்ஸில் ஏறிப் போகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை. ரயிலும் அரசு பஸ்ஸும் சேர்ந்தால், பாஸ் கிடைக்குமா என்ற கவலை இல்லை. மலையில் ஒரு கார் குறையும்.

குறைவது சின்ன விஷயம் இல்லை. பழனி மலையில் 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் சுமார் 609 ச.கி.மீ. காட்டெருமை நடமாடும் சோலைக்காடு அது. பேரிஜம் ஏரிப் பக்கம் போக இன்றும் வனத்துறை அனுமதி வேண்டும்.

தேசியப் பூங்கா பார்க்கணுமா?

அப்படியானால் பழனியில் இறங்காமல் பொள்ளாச்சி வரை போங்கள். அங்கிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப் போகலாம். 1989-ல் அறிவிக்கப்பட்ட இந்திரா காந்தி தேசியப் பூங்கா, இன்றைய ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. மலை மேலிருந்து தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டி விட்டதால் வந்த பெயர்தான் டாப்சிலிப்.

பக்கத்தில் உள்ள பரம்பிக்குளம் காட்டுக்குள் ஒரு காலத்தில் ரயிலே ஓடியது. மரம் இறக்குவதற்காகக் கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து போட்ட டிராம்வே அது. பிறகு அது நிறுத்தப்பட்டது. இன்று காட்டுக்குள் தண்டவாளம் என்றால் பயம்தான். கோவை – பாலக்காடு பாதையில் யானைகள் அடிபட்டு இறந்ததால், மதுக்கரை வனப்பகுதியில் 2024-ல் செயற்கை நுண்ணறிவு கேமராக்கள் வைக்க வேண்டி வந்தது.

டாப்சிலிப்பில் மாலைக்குப் பிறகு அனுமதி இல்லை. தங்குவதென்றால் வனத்துறையிடம் முன்பதிவு செய்யணும். கோடையில் காட்டுத்தீ அபாயம் இருந்தால் மூடுவதும் உண்டு. அதனால் ரயில் டிக்கெட் போடும் முன் வனத்துறை அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.