கடல் மீன் தொட்டிக்கு ஸ்கிம்மர் வாங்கப் போறீங்களா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்க

பத்தாங் காலி மாதிரி மலையடிவார ஊரில் இருந்துகொண்டும் கடல் மீன் வளர்க்கலாம். ஆனால் கடல் நீரை நீங்களேதான் தயாரிக்க வேண்டும். கோலா சிலாங்கூர் வரை போய் அள்ளி வந்தாலும் பயனில்லை. அது ஆற்று முகத்துவாரம். சேறும் நன்னீரும் கலந்த தண்ணீர். பவளப்பாறை மீன்களுக்கு அது ஒத்து வராது. அதனால் கடைகளில் விற்கும் உப்புக் கலவையை வாங்கி, லிட்டருக்கு 35 கிராமுக்குச் சற்று கூடுதலாகக் கரைக்க வேண்டும். ஆக, தொட்டியில் உள்ள ஒவ்வொரு லிட்டரும் உங்கள் காசு.

அந்தத் தண்ணீரை நீண்ட நாள் சுத்தமாக வைத்திருக்க உதவும் கருவிதான் ப்ரோட்டீன் ஸ்கிம்மர். ஆனால் அளவு தப்பினால் காசும் போகும், மீனும் போகும்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது?

தே தாரிக் ஆற்றும்போது நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பாலில் உள்ள புரதம் காற்றுக் குமிழிகளைச் சுற்றி ஒட்டிக்கொள்வதால்தான் அந்த நுரை உடையாமல் நிற்கிறது. ஸ்கிம்மரிலும் இதே கதைதான். பம்ப் காற்றையும் உப்பு நீரையும் கலந்து நுண்ணிய குமிழிகளை உண்டாக்கும். மீன் கழிவு, மிச்ச உணவு ஆகியவற்றிலிருந்து கரையும் புரதமும் கொழுப்பும் அந்தக் குமிழிகளில் ஒட்டி மேலே ஏறி, நுரையாகக் கோப்பையில் விழும். அந்தப் பழுப்பு நிறத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சரி.

அழுக்கு அழுகி அம்மோனியாவாக மாறுவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது என்பதுதான் இதன் பெரிய பலன். குமிழிகள் தண்ணீருக்கு ஆக்சிஜனும் கொடுக்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே தங்கும் என்பதால், நம் வெயிலுக்கு இது கூடுதல் லாபம். நன்னீர்த் தொட்டியில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடும், நுரை நிற்காது. அதனால்தான் தங்கமீன் தொட்டிக்கு இதை யாரும் வைப்பதில்லை.

பெருசா வாங்கினா நல்லதுதானே?

இல்லை. பெரும்பாலானோர் தடுமாறுவது இங்கேதான். ஸ்கிம்மரின் கழுத்துப் பகுதியில் நுரை அடர்த்தியாக நின்றால்தான் கோப்பைக்கு ஏறும். இரண்டே மீன் உள்ள தொட்டிக்கு மிகப் பெரிய ஸ்கிம்மர் வைத்தால், நுரை கட்டப் போதுமான அழுக்கே இருக்காது. ஒரு நாள் வேலை செய்யும், இரண்டு நாள் சும்மா ஓடும். சின்னது வைத்தாலோ, சேரும் அழுக்கை அதால் சமாளிக்க முடியாது.

சரி, கணக்கு எப்படி?

முதலில் உண்மையான தண்ணீர் அளவைக் கண்டுபிடியுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

உதாரணத்துக்கு, 90 × 45 × 45 தொட்டி என்றால் 182 லிட்டர். ஆனால் விளிம்பு வரை யாரும் நிரப்புவதில்லை. 5 சென்டிமீட்டர் குறைத்தால் 162 லிட்டர். கல், மணல் பிடிக்கும் இடத்துக்காகச் சுமார் 10 விழுக்காடு கழித்தால் ஏறக்குறைய 145. கீழே சம்ப் தொட்டியில் 35 லிட்டர் இருந்தால் அதையும் கூட்டுங்கள். மொத்தம் 180 லிட்டர்.

அடுத்து, தொட்டியின் சுமை. எத்தனை மீன், ஒரு நாளைக்கு எத்தனை முறை தீனி என்பதுதான் சுமை. சின்ன மீன் இரண்டு மூன்று, ஒருமுறை தீனி என்றால் லேசான சுமை. நிறைய மீன், பல முறை தீனி என்றால் கனமான சுமை.

ஒரு ஸ்கிம்மர் பெட்டியில் "லேசான சுமைக்கு 400 லிட்டர், கனமான சுமைக்கு 200 லிட்டர்" என்று போட்டிருந்தால், மீன் நிறைந்த 180 லிட்டர் தொட்டிக்கு அது பொருத்தம். இரண்டு கோமாளி மீன் மட்டும் என்றால், லேசான சுமைக்கு 200 முதல் 250 லிட்டர் என்று குறிப்பிட்டது போதும். பெட்டியில் ஒரே ஒரு எண்தான் இருக்கிறதா? அதை லேசான சுமைக்கான எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். மீன் அதிகமாக இருந்தால் அந்த எண்ணைப் பாதியாக்கிப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

* கேலனா, லிட்டரா? 50 அமெரிக்க கேலன் என்பது சுமார் 190 லிட்டர்தான்.
* மின்சாரம்: நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஏசி பம்ப் இங்கே மெதுவாகச் சுழலும், குமிழி குறையும். இணையத்தில் வாங்கும்போது கவனம்.
* இடம்: சம்ப்புக்குள் ஸ்கிம்மர் நிற்குமா, கோப்பையைக் கழற்றி எடுக்க மேலே இடம் உண்டா என்று அளந்து பாருங்கள்.
* நீர்மட்டம்: எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பது மாடலுக்கு மாடல் வேறுபடும். அந்த மட்டம் ஏறி இறங்கக் கூடாது.

மத்தியான இடி மழையில் கரண்ட் போனால், மேல் தொட்டித் தண்ணீர் சம்ப்புக்கு இறங்கி மட்டம் உயரும். கரண்ட் திரும்பியதும் ஸ்கிம்மர் பொங்கி வழியலாம். அதற்கு இடம் விட்டே சம்ப்பை நிரப்புங்கள்.

வாங்கிட்டா போதுமா?

புது ஸ்கிம்மர் சீராக வேலை செய்யச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகலாம். உடனே "கெட்டுப்போச்சு" என்று முடிவு கட்டாதீர்கள். கையில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் நுரை சட்டென்று அடங்கிவிடும்.

தண்ணீர் மாற்றும் வேலையும் நிற்காது. ஏற்கெனவே சேர்ந்துவிட்ட நைட்ரேட்டை ஸ்கிம்மர் எடுக்காது. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று நீர் மாசடைந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது, உலு சிலாங்கூர், கோலா சிலாங்கூர் உட்படப் பல இடங்களில் குழாய் வறண்டது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாள்களில், சரியான அளவு ஸ்கிம்மர் உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் தரும். கூடவே, 180 லிட்டர் தொட்டிக்கு 10 விழுக்காடான 18 லிட்டர் உப்பு நீரை முன்கூட்டியே கலந்து மூடி வைப்பது நல்லது.

சுமார் 75 லிட்டருக்குக் குறைந்த தொட்டியும் ஓரிரு மீனும் என்றால், வாரம் 10 முதல் 20 விழுக்காடு தண்ணீர் மாற்றினாலே பெரும்பாலும் போதும். ஸ்கிம்மர் காசை உப்புக்குச் செலவிடலாம்.

கடைகளில் உள்ள கடல் மீன் வகைகளில் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவை அல்ல, கடலில் பிடிக்கப்பட்டவை. எனவே அளவு நாடாவை எடுத்துத் தொட்டியை அளந்து, ஸ்கிம்மரை ஓடவிட்டுப் பார்த்த பிறகே மீனை வாங்குங்கள்.