கருமை யாருக்குச் சொந்தம்?

கலை வரலாறு எழுதுவோர் ஓவியனின் உள்ளத்தையும் அவன் காலத்தின் போக்கையும் விரிவாக ஆராய்வர். அவன் கையிலிருந்த வண்ணம் எங்கிருந்து வந்தது, யார் விளைவித்தனர், என்ன விலைக்கு விற்றனர் என்பவற்றை அவ்வளவாக வினவுவதில்லை. ஆயினும் வண்ணத்தின் வரலாறு உடைமையின் வரலாறுமாகும்.

நீலத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்கானிஸ்தானத்து மலைகளில் வெட்டப்பட்ட நீலக்கல்லை அரைத்தே ஐரோப்பிய ஓவியர் தமது உயர்ந்த நீலத்தைப் பெற்றனர். அதன் விலையைத் தாங்கச் செல்வரின் ஆதரவு வேண்டியிருந்தது. 1824ஆம் ஆண்டில் பிரான்சின் தேசியக் கைத்தொழில் ஊக்குவிப்புச் சங்கம், மலிவான செயற்கை நீலத்தை ஆக்குபவருக்கு 6000 பிராங் பரிசு அறிவித்தது. 1828இல் அதனை வென்ற கிமே தமது செய்முறையை மறைத்துக்கொண்டார். அதே ஆண்டில் ஜேர்மனியப் பேராசிரியர் க்மெலின், தாம் கண்ட முறையை வெளியிட்டு உலகறியச் செய்தார். அறிவைப் பூட்டிவைப்பதும் பொதுவில் வைப்பதும் அன்றே எதிரெதிராக நின்றன.

கருமையின் நிலை வேறு. விளக்கும் அடுப்பும் எரியுமிடமெல்லாம் அது உண்டு. ஆதிமனிதன் குகைச் சுவரில் கரித்துண்டாற் கோடிட்ட நாள்முதல் வறியவனுக்கும் எட்டிய வண்ணம் அது. அந்தக் கருமைக்கே நமது நூற்றாண்டில் வேலி இடப்பட்டது.

சரே பல்கலைக்கழக ஆய்விலிருந்து 2006இல் கிளைத்த பிரித்தானியக் கம்பனியான சரே நானோசிஸ்டம்ஸ், 2014இல் 'வாண்டாபிளாக்' என்னும் பூச்சை அறிமுகப்படுத்தியது. மயிரிழையிலும் பல்லாயிரம் மடங்கு மெல்லிய காபன் குழாய்கள் அடர்ந்த காடுபோல நிமிர்ந்து நிற்கும் பரப்பு அது. இடையிலே நுழைந்த ஒளி, மீள வழியின்றி மோதிமோதி வெப்பமாக மாறிவிடுகிறது. விழும் ஒளியில் 99.965 சதவீதம் வரை இவ்வாறு மறைவதால், மேடுபள்ளமுள்ள உருவமும் கண்ணுக்குத் தட்டையான நிழலாகவே தோன்றும். தொலைநோக்கிகளிலும் செய்மதிகளிலும் வேண்டாத ஒளிச்சிதறலைத் தடுக்கவல்ல இப்பூச்சைக் கலைத்துறையிற் கையாளும் தனியுரிமை, சிற்பி அனிஷ் கபூர் ஒருவருக்கே வழங்கப்பட்டதென 2016இல் வெளியாயிற்று.

இது தூரிகையால் தீட்டும் சாதாரண மையன்று, தனிக் கருவிகளும் பயிற்சியும் வேண்டுமென்பர். உண்மையே. ஆனால், அரிய பொருளைக் கவனமாகக் கையாள்வது வேறு. ஒருவரைத் தவிர ஏனைய கலைஞர் யாவருக்கும் கதவடைப்பது வேறு. 2019இல் மோட்டார்க் கம்பனியொன்றின் காட்சிக் காருக்கு அப்பூச்சின் ஒருவகை பூசப்பட்டது. காருக்குத் திறந்த கதவு கலைஞருக்குத் திறக்கவில்லை.

ஆங்கிலக் கலைஞர் ஸ்டூவர்ட் செம்பிள், 2016இல் இளஞ்சிவப்பு வண்ணமொன்றை விற்பனைக்கு விட்டு, கபூர் தவிர எவரும் வாங்கலாமென நிபந்தனை விதித்தார். எள்ளல் கூரியதே, எனினும் விலக்குக்கு விலக்கு விடையாகாது. ஏனைய கலைஞர் வாங்கக்கூடிய கறுப்பு வண்ணங்களை அவர் பின்னர் ஆக்கியளித்ததே பயனுள்ள பதிலாகும்.

2019இல் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பிரையன் வார்டிலின் குழு, 99.995 சதவீத ஒளியை உட்கொள்ளும் பூச்சை ஆக்கியது. இருபது இலட்சம் டொலர் மதிப்புள்ள வைரமொன்றை அதனால் மூடி, கலைஞர் டீமுட் ஸ்ட்ரெபே நியூயோர்க் பங்குச்சந்தையிற் காட்சிக்கு வைத்தார். வைரமும் காபன், அதை மூடிய கருமையும் காபன். ஒளி போனபின் எஞ்சியது விலை மட்டுமே. விற்பனை நோக்கமற்ற கலைக்கு இப்பூச்சை எவரும் பயன்படுத்தலாமெனவும் அறிவிக்கப்பட்டது.

வழி உண்டென்பதை இது காட்டுகிறது. பல்கலைக்கழக அறிவு, தலைமுறைகளின் உழைப்பால் சேர்ந்த சமுதாயச் செல்வம். அதன் பயன் எவ்வாறு பங்கிடப்படுகிறதென வினவும் உரிமை நம் எல்லோருக்கும் உண்டு. அடுப்புக்கரியிலிருந்து பிறந்த கருமை அனைவருக்கும் பொதுவாகவே இருத்தல் வேண்டும்.