இனம், தொண்டு, வினாக்கொத்து: "ஓம்" என்ற பதில் எதை அளக்கிறது?

"பிற இனத்தவருடன் சேர்ந்து தொண்டுப் பணியில் ஈடுபட விரும்புகிறீர்களா?" கிளிநொச்சி, முல்லைத்தீவு கிராமங்களில் தொண்டு நிறுவனம் ஒன்றுக்காக இந்தக் கேள்வியுடன் வீடு வீடாகச் சென்றிருக்கிறேன். அநேகமானோர் "ஓம்" என்றனர். பிறகு பலர் என்னிடம் திருப்பிக் கேட்டது: "இதை ஆரிட்டைக் குடுப்பீங்கள், தம்பி?"

இன மனப்பாங்கை அளக்கும் முயற்சி புதிதல்ல. அமெரிக்கச் சமூகவியலாளர் எமோரி போகார்டஸ் 1920களில் 'சமூக இடைவெளி அளவுகோலை' உருவாக்கினார். மற்ற இனத்தவரைத் திருமண உறவாக, நண்பராக, அயலவராக ஏற்பீர்களா என்று அது படிப்படியாகக் கேட்கிறது. ஆனால், விசாரணைகளும் பதிவுகளும் பழகிப்போன ஊர்களில் மக்கள் முதலில் எடைபோடுவது கேட்பவரைத்தான். அங்கே "ஓம்" என்பது பல வேளைகளில் பாதுகாப்பான பதில் மட்டுமே.

தொண்டர் என்றால் யார்?

"கடந்த மாதம் தொண்டராகப் பணியாற்றினீர்களா?" என்றால் "இல்லை" என்பார்கள். அதே வீட்டார் அயலில் செத்தவீட்டுக்குச் சமைத்திருப்பார்கள். கோயில் கிணறு இறைத்திருப்பார்கள். சனசமூக நிலையச் சிரமதானத்துக்கும் போயிருப்பார்கள். இவற்றை அவர்கள் தொண்டு என்று சொல்வதில்லை. வடக்கில் 'தொண்டர்' என்ற சொல், நிரந்தர நியமனம் கேட்டுப் போராடிய தொண்டர் ஆசிரியர்களையே பலருக்கு நினைவூட்டும். ஆகவே செயலைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

சேர்ந்து உழைத்தால் போதுமா?

உளவியலாளர் கோர்டன் ஓல்போர்ட் 1954இல் நான்கு நிபந்தனைகளைக் குறிப்பிட்டார்: சம அந்தஸ்து, பொது இலக்கு, ஒத்துழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு. தெற்கிலிருந்து பஸ்ஸில் வந்து, பதாகை பிடித்துப் படமெடுத்துத் திரும்பும் சிரமதானத்தில் முதலாவது இல்லை. பக்கத்தில் சீருடை நின்றால் அது அறவே இல்லை. எனவே "சேர்ந்து வேலை செய்தீர்களா?" என்பதுடன் நிறுத்தக்கூடாது. எந்த வேலை என்று யார் தீர்மானித்தது? எந்த மொழியில் பேசினார்கள்? பிறகு ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போனாரா? உண்மையான பதில்கள் இங்கேதான் கிடைக்கும்.

பதில் சொல்பவரின் உரிமைகள்

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், இனம், மதம், அரசியல் கருத்து தொடர்பான தரவுகளை விசேட வகையாகக் கருதுகிறது. ஆய்வு யாருக்காக, யார் நிதியில் நடக்கிறது என்று கேளுங்கள். பெயரும் தொலைபேசி இலக்கமும் பதில்களுடன் சேர்த்து வைக்கப்படுமா என்றும் கேளுங்கள். விரும்பாத கேள்வியை விட்டுவிடலாம். இடையில் நிறுத்தவும் சொல்லலாம்.

முடிவைத் திருப்பிக் கேட்பதும் நியாயமே. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் தொடர்பான கலந்தாலோசனைச் செயலணிக்கு 7,306 கருத்துகள் கிடைத்தன. அறிக்கை 2017 ஜனவரியில் வெளியானது. அதன் முக்கிய பரிந்துரைகள் நிறைவேறவில்லை. அன்று அழுதழுது சொன்னவர்களின் வாசலுக்கே அடுத்த வினாக்கொத்தும் வருகிறது. கொண்டுவருபவர்கள், முந்தைய பதில்களுக்கு என்ன நடந்தது என்பதையும் சொல்ல ஆயத்தமாக வரவேண்டும்.