பதிவேடும் பலிபீடமும்

அவள் அவனுக்கு மனைவியல்லள். அவர்கள் பெற்ற மக்களும் முறைப்படி பிறந்த மக்களல்லர்! இப்படியொரு பழியைப் பல்லாயிரம் குடும்பங்களின்மேல் ஒரே தீர்ப்பால் சுமத்தியது தென்னாப்பிரிக்க நீதிமன்றம் ஒன்று. ஆண்டு 1913, மார்ச்சுத் திங்கள். தீர்ப்பளித்தவர் கேப் மாகாண நீதிபதி சேர்ல். இந்திய முஸ்லிம் ஒருவர் தம் மனைவியைத் தாயகத்திலிருந்து வரவழைத்தார், அந்த அம்மையாரை நாட்டுக்குள் விட அதிகாரிகள் மறுத்தனர், வழக்கு மூண்டது. பலதார மணத்துக்கு இடந்தரும் சமயமுறையில் நடந்த திருமணம், இந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணமே அன்று என்றார் நீதிபதி.

கரும்புத் தோட்டங்களில் உழைக்க 1860 முதல் கப்பலேறிச் சென்ற தமிழரின் வீடுகளிலும் அத்தீர்ப்பு இடியென விழுந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த கூலிகளை வாட்டிய மூன்று பவுன் வரியோடு இந்த இழிவும் சேர்ந்துகொண்டது. அதுவரை வீட்டுக்குள் இருந்த பெண்கள் வீதிக்கு வந்தனர்; எல்லை கடந்தனர்; சிறை புகுந்தனர். தில்லையாடி வள்ளியம்மை என்னும் இளம்பெண் சிறையில் நோயுற்றாள். வெளிவந்த சில நாட்களில், 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் மாண்டாள். அவளுக்கு வயது பதினாறு! அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டம் மூன்று பவுன் வரியை ஒழித்தது. ஒருதார மணமாயின் இந்தியரின் சமயத் திருமணங்களையும் ஏற்றது.

இந்தப் பழங்கதை இன்று எதற்கு என்று கேட்கலாம். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணந்துகொள்ளும் உரிமையைப் பற்றி உலகமெங்கும் வாதம் நடக்கிறது. ‘அது எங்கள் சமய உரிமைக்கு ஊறு’ என்கின்றனர் ஒரு சாரார். மறுசாரார், ‘அதை மறுப்பது எங்கள் மனித உரிமைக்கு ஊறு’ என்கின்றனர். இரண்டும் உரிமை என்றே பேசுகின்றன. எதை ஏற்பது? இரண்டையும் ஏற்க வழி உண்டா? இவ்வினாவோடு நேர்நின்று போராடிய நாடு தென்னாப்பிரிக்கா. அதன் வரலாற்றில் நமக்குப் பாடம் இருக்கிறது.

1949-இல் அந்நாட்டு வெள்ளையர் ஆட்சி ஒரு சட்டம் செய்தது. வெள்ளையர், பிற இனத்தவர் எவரையும் மணக்கக்கூடாது என்பதே அது. காதலித்த குற்றத்துக்குக் கதவைத் தட்டியது காவல்துறை! அந்நாட்டு டச்சுச் சீர்திருத்தத் திருச்சபை, இனப்பிரிவினைக்கு வேதத்திலேயே சான்று காட்டியது. ஆண்டவன் வகுத்த வேற்றுமையை மனிதன் அழிக்கலாமா என்பது அன்றைய வாதம். 1985-இல் அச்சட்டம் நீங்கியது. ஆண்டவன் சீறவில்லை, அண்டமும் இடியவில்லை!

அக்கொடிய ஆட்சியை எதிர்த்தவருள் ஒருவர் சைமன் நிகோலி. கருப்பர், தன்பால் ஈர்ப்பாளர். 1984-இல் கைதாகி, தேசத்துரோக வழக்கில் கூண்டேறினார். தாம் இன்னார் என்பதைச் சிறைத் தோழர்களிடம் அவர் மறைக்கவில்லை. முதலில் முகஞ்சுளித்தவர்களும் பின்னர் அவரை ஏற்றனர். விடுதலையான பின், 1990 அக்டோபரில், ஜோகன்னஸ்பர்க் நகரில் தன்பால் ஈர்ப்பாளரின் முதல் பேரணியை நடத்தியவருள் அவரும் ஒருவர். நிறத்தால் ஒருமுறை, இயல்பால் ஒருமுறை என இரு விலங்கு பூண்டவர், ஒரு விலங்கை மட்டும் உடைத்தால் போதும் என்பாரா?

அந்தப் போராட்டம் வீண்போகவில்லை. 1996-இல் நிறைவேறிய தென்னாப்பிரிக்க அரசியற்சட்டம், இனம், பால், சமயம் ஆகியவற்றோடு பாலீர்ப்பின் பெயராலும் பாகுபாடு கூடாது என்று எழுதியது. அதே உரிமைப் பட்டியலில் சமய உரிமையும் உண்டு என்பதை மறத்தலாகாது. ஒரே ஏட்டில் இரண்டு உரிமைகள்! 1998-இல், ஆண்களிடையேயான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை அரசியற்சட்ட நீதிமன்றம் வீழ்த்தியது. எஞ்சியது திருமணம்.

பத்தாண்டுக்கு மேல் இணைந்து வாழ்ந்த இரு பெண்கள் நீதிமன்றம் ஏறினர். 2005 டிசம்பர் 1-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதை எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். நிறவெறி ஆட்சியின் கையாட்கள் 1988-இல் வைத்த குண்டுக்கு வலக் கரத்தையும் ஒரு கண்ணின் பார்வையையும் பறிகொடுத்தவர். திருமணத்தின் நோக்கம் மகப்பேறே என்றனர் எதிர்த்தோர். அவ்வாறாயின் பிள்ளையில்லாத தம்பதியரும், முதுமையில் மணந்தவரும் தம்பதியர் ஆகாரா என்ற பொருளில் விடையிறுத்தது தீர்ப்பு. சமயத்தை அது இகழவில்லை. கோடிக்கணக்கானோர்க்கு அது வாழ்வின் ஊன்றுகோல் என்பதை ஒப்பியது. எந்தக் குருவையும் அவர் கொள்கைக்கு மாறாக மணம் நடத்தி வைக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஆனால் ஒரு சமயத்தின் கொள்கையைக் கொண்டு மற்றவரின் உரிமையை அளக்கக்கூடாது என்றும் திட்டவட்டமாகச் சொன்னது. சட்டத்தைத் திருத்த நாடாளுமன்றத்துக்கு ஓராண்டுத் தவணை கொடுத்தது.

2006 நவம்பர் 30-இல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருபால் மணத்தைச் சட்டமாக்கிய ஐந்தாவது நாடு, ஆப்பிரிக்காவில் முதல் நாடு என்ற சிறப்பு தென்னாப்பிரிக்காவுக்குக் கிட்டியது. விரும்பும் திருச்சபை மணம் நடத்தலாம். விரும்பாத திருச்சபை விலகி நிற்கலாம். இதுவரை செம்மையே.

ஆயினும் சட்டத்தின் ஆறாம் பிரிவில் ஓட்டையொன்று இருந்தது. அரசு அலுவலரும் தம் மனச்சான்றைக் காட்டி ஒருபால் மணத்தைப் பதிய மறுக்கலாம் என்றது அது. நூற்றுக்கணக்கான அலுவலர்கள் அவ்வாறு எழுதிக் கொடுத்தனர். விளைவு? அலுவலகம் உண்டு, நாற்காலி உண்டு, பதிவேடு உண்டு. பதிய மட்டும் ஆளில்லை! மணம் முடிக்க வந்தவர்கள் ஊர் ஊராக அலைந்தனர். ஒருவரின் மனச்சான்று மற்றவரின் வாசற்கதவுக்குப் பூட்டாயிற்று. அந்தப் பிரிவு 2020-இல் நீக்கப்பட்டது. குருவுக்கு இருந்த பாதுகாப்போ நீக்கப்படவில்லை.

அலுவலருக்கும் மனச்சான்று இல்லையா என்று சிலர் கேட்பர். உண்டு; மறுப்பார் இல்லை. மனச்சான்று அவருடையது, மேசை மக்களுடையது. வேட்டி கட்டி வந்த தமிழனின் திருமணத்தை, ‘என் வேதம் ஏற்கவில்லை, பதியேன்’ என்று 1914-இல் ஒரு பதிவாளர் கூறியிருந்தால் நாம் அதை மனச்சான்று என்று போற்றியிருப்போமா? அன்று நமக்கு எது அநீதியோ, இன்று பிறர்க்கும் அதுவே அநீதி.

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். சமய உரிமை மடாதிபதிக்கும் பேராயருக்கும் மட்டுமே உரிய சொத்தன்று. தன்பால் ஈர்ப்பாளராகத் தம்மை அறிவித்துக்கொண்ட இமாம் முஹ்சின் ஹென்ட்ரிக்ஸ், தம் போன்றோர்க்கும் தொழுகை உண்டு என்று சொல்லி வந்தார். 2025 பிப்ரவரி 15-இல் கெபெர்கா நகர்ப்புறத்தில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் கேட்டதும் சமய உரிமையே அன்றோ! சட்டம் ஏட்டில் ஏறிவிட்டது. உள்ளத்தில் ஏறவேண்டியது இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்தப் போர் தமிழகத்துக்குப் புதியதன்று. 1928 முதல் புரோகிதரை விலக்கி நடந்த சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லாதவை என்றது, 1953-இல் சென்னை உயர்நீதிமன்றம். மாலை மாற்றி வாழ்ந்த நம் பெரியோரும் சட்டத்தின் கண்ணில் தம்பதியர் அல்லர் என்றாயிற்று! 1967-இல் அண்ணாவின் ஆட்சி கொணர்ந்த சட்டமே அந்தக் களங்கத்தைத் துடைத்தது. அச்சட்டம் எந்தப் புரோகிதரின் வாயையும் அடைக்கவில்லை. மந்திரம் வேண்டுவோர்க்கு மந்திரம் இன்றும் உண்டு. வேண்டாதோர்க்கு வழி பிறந்தது, அவ்வளவே. யாருக்கு என்ன நட்டம்?

2018-இல் இந்திய உச்ச நீதிமன்றம் தன்பால் உறவு குற்றமன்று என்றது. 2023 அக்டோபர் 17-இல், திருமண உரிமையை நாங்கள் வழங்க இயலாது, அது நாடாளுமன்றத்தின் பணி என்று கைவிரித்தது. செல்லாத திருமணம் என்ற சொல்லின் சூடு இன்னதென்று அறிந்த இயக்கம் நம்முடையது. இதில் நாம் வாய்மூடி நிற்பது முறையா?

நாம் கடவுளை ஏற்காதவர்கள். எனினும், நம்புகிறவனின் கோவில் வாசலை நாம் அடைக்கப் போவதில்லை. அவனும் பதிவு அலுவலகத்தின் வாசலை அடைக்க வேண்டாம் என்பதே நம் கோரிக்கை. பலிபீடம் நம்புகிறவனுக்கு இருக்கட்டும். பதிவேடு எல்லார்க்கும் திறக்கட்டும்!