புழுவெட்டு நோயின் வரலாறு

புழுவெட்டு என்பது தலையில் காசளவில் வட்ட வட்டமாக முடி உதிர்ந்து, அவ்விடம் வழுவழுப்பாகத் தெரியும் நோய். பெயரில் புழு இருந்தாலும் நோயில் புழு இல்லை. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் மயிர்க்கால்களையே பகையாக எண்ணித் தாக்குவதால் இது உண்டாகிறது. இது பிறருக்குத் தொற்றாது. பலருக்குக் குழந்தைப் பருவத்திலேயே தொடங்குகிறது.

பெயர்கள்

முடியின் வேரைப் புழு அரிக்கிறது என்ற நம்பிக்கையில் பிறந்தது தமிழ்ப் பெயர். சுசுருத சம்கிதை இதனை இந்திரலுப்தம் என்கிறது. வாத பித்தங்கள் முடியை உதிர்க்க, கபமும் குருதியும் மயிர்த்துளைகளை அடைப்பதாக விளக்குகிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய நூலாசிரியர் செல்சஸ், பிடரியிலிருந்து காதுவரை பாம்புபோல் வளையும் வகை குழந்தைகளுக்கு வருவது என்றும், பெரும்பாலும் தானே தீரும் என்றும் எழுதினார். இன்றைய மருத்துவர்களோ அவ்வகையை எளிதில் குணமாகாதது என்கின்றனர். 'அலோபீசியா ஏரியேட்டா' என்ற மருத்துவப் பெயரைப் பிரெஞ்சு மருத்துவர் சோவாஜ் வழங்கினார்.

தொற்று என்ற தவறு

1843இல் பாரிசில் டேவிட் குரூபி தலைப் படர்தாமரைக்குக் காரணமான பூஞ்சையை விவரித்தார். அவர் விவரித்த முறையால் படர்தாமரையும் புழுவெட்டும் ஒன்றே என்ற குழப்பம் எழுந்தது. தொற்று என்போரும் நரம்புக் கோளாறு என்போரும் பல பத்தாண்டுகள் வாதிட்டனர். படர்தாமரை உண்மையில் தொற்றும். அதில் செதிலும் அரிப்பும் ஒடிந்த முடியும் காணப்படும். புழுவெட்டுத் திட்டு பெரும்பாலும் செதிலின்றி வழுவழுப்பாக இருக்கும்.

காரணம் தெளிவானது

நுண்ணோக்கியில் மயிர்க்காலின் அடியைத் தேனீக்கூட்டம்போல் வெள்ளணுக்கள் மொய்ப்பது தெரிந்தது. 1998இல் கில்ஹார் குழுவினர், நோயாளிகளின் டி அணுக்கள் முடியை உதிர்ப்பதை, எலிகளில் ஒட்டிய மனிதத் தோலில் காட்டினர். 2010இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஏஞ்சலா கிறிஸ்டியானோ குழுவினர் தொடர்புடைய மரபணுப் பகுதிகளைக் கண்டனர். கிறிஸ்டியானோவுக்கும் இந்நோய் இருந்தது. 2022இல் பாரிசிட்டினிப் பெரியவர்களுக்கும், 2023இல் ரிட்லெசிட்டினிப் 12 வயது முதலானோருக்கும், கடுமையான நோய்க்காக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

பழவேற்காட்டுக் குப்பங்களில்

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களிலும் இந்நோய்க்கு வழங்கும் பெயர் புழுவெட்டுதான். உப்புக்காற்றோ ஏரி நீரோ இதற்குக் காரணம் அல்ல. மொட்டை அடிப்பதும் மருந்தாகாது. தாக்குதல் தோலுக்கு அடியில் நடக்கிறது. ஆற்றுத்தும்மட்டிக்காயைத் தேய்க்கும் நாட்டு வழக்கம் தோலைப் புண்ணாக்கலாம். சின்ன வெங்காயம் தேய்ப்பதும் வழக்கம். 2002இல் ஈராக்கில் வெளியான சிறு ஆய்வில், வெங்காயச் சாறு பூசிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. எனினும் ஓரிரு திட்டுகள் பலருக்கு ஓராண்டுக்குள் மருந்தின்றியே மறைவதால், அதைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது.

பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டி, படர்தாமரையா புழுவெட்டா என்று முதலில் அறிவது நல்லது. கடலுக்கும் ஏரிக்கும் அன்றாடம் செல்லும் குடும்பத்துக்கு, சென்னைக்கு ஒரு பயணம் ஒரு நாள் வருமானத்தை விழுங்கும். ஆகவே திட்டு பரவினாலோ புருவமும் உதிர்ந்தாலோ தாமதியாமல் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

மயிர்க்கால் அழிவதில்லை, எனவே முடி மீண்டும் முளைக்க இடமுண்டு. ஆனால் 'ஒட்டிக்கொள்ளும்' என்று கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைக்கப்பட்ட பிள்ளை அந்த வருத்தத்தை எளிதில் மறப்பதில்லை. புழுவெட்டு வந்த மாணவர் எல்லோருடனும் அமரலாம், விளையாடலாம். வகுப்பில் ஆசிரியர் முதல் நாளே சொல்ல வேண்டிய செய்தி இது.