கப்கேக்கும் பிறந்தநாளும்: ஏற்காட்டு மலையிலிருந்து ஒரு வரலாறு

கப்கேக் என்பது ஒருவர் உண்ணும் அளவில், சிறு கிண்ணத்திலோ தாள் குவளையிலோ மாவை ஊற்றிச் சுட்டெடுக்கும் கேக் ஆகும். தமிழில் கேக்கை அணிச்சல் என்றும் எழுதுவர். குழந்தைகளுக்குப் பிடித்த கார்ட்டூன் பாத்திரங்களின் முகங்களை இதன்மேல் கிரீமாலும் சர்க்கரை மாவாலும் அமைத்துப் பிறந்தநாளுக்குப் பரிமாறுவது இன்று தமிழகத்தின் பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும் ஏற்காடும் தலைச்சோலை உள்ளிட்ட அதன் மலைக்கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. கேக் இந்நாட்டுக்கு வந்தது, பிறந்தநாள் கொண்டாடும் முறை மாறியது, தின்பண்டம் உருவமும் நிறமும் பெற்றது ஆகிய மூன்று வரலாறுகள் இந்தச் சிறு பண்டத்தில் ஒன்றுசேர்கின்றன.

பெயர் வந்த வழி

1796-இல் அமெரிக்காவில் அமேலியா சிம்மன்ஸ் என்பவர் வெளியிட்ட சமையல் நூலில், சிறு குவளைகளில் சுடும் இலேசான கேக் பற்றிய குறிப்பு உள்ளது. 1828-இல் எலிசா லெஸ்லி வெளியிட்ட நூலில் கப்கேக் என்ற பெயரே இடம்பெற்றது. கப் என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள் உண்டு. ஒன்று, மாவு ஊற்றும் குவளை. மற்றொன்று, அளக்கும் குவளை. தராசில் நிறுக்காமல் வெண்ணெய் 1 குவளை, சர்க்கரை 2 குவளை, மாவு 3 குவளை, முட்டை 4 என்று எளிதில் நினைவில் கொள்ளும்படி அளந்தனர். நம் வீடுகளில் ஆழாக்கும் படியும் செய்த வேலை இதுவே.

கேக் பஞ்சுபோல் எழும்ப உதவிய பேக்கிங் பவுடரை இங்கிலாந்தின் ஆல்ஃபிரட் பேர்ட் 1843-இல் உருவாக்கினார். ஈஸ்ட் ஒவ்வாத தம் மனைவிக்காகவே அவர் அதைச் செய்தார் என்பர். மாவு புளித்துப் பொங்கும்வரை காத்திருக்கும் தேவை இதனால் நீங்கியது.

மலைக்கு வந்த அடுப்பு

1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிப் பயிருக்கு வழிகோலினார். அதைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சேர்வராயன் மலையில் குடியேறினர். 1894-இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட்டும், 1917-இல் மான்ட்ஃபோர்ட் பள்ளியும் இங்கே தொடங்கின. தோட்ட பங்களாக்களோடும் விடுதிப் பள்ளிகளோடும் ரொட்டி, பிஸ்கட், கேக் ஆகியவற்றின் பழக்கமும் மலைநாடுகளில் பரவியது.

அக்கால இந்திய வீடுகளில் இன்றைய அவன் கிடையாது. சமையற்காரர்கள் கனமான பாத்திரத்தில் அச்சை வைத்து மூடி, அடியிலும் மூடியின் மேலும் தணலைப் பரப்பிக் கேக் சுட்டனர். மெட்ராஸ் மாகாணத்து ஆங்கிலேயக் குடும்பங்களுக்காகக் கர்னல் கென்னி-ஹெர்பர்ட் 1878-இல் வைவர்ன் என்ற புனைபெயரில் எழுதிய சமையல் நூல், வீட்டிலேயே ரொட்டி சுடுவது குறித்தும் பேசுகிறது. மேற்குக் கடற்கரையிலோ, தலச்சேரியில் மம்பள்ளி பாபு 1883-இல் மர்டாக் பிரவுன் என்ற தோட்டக்காரருக்காகச் சுட்டதே இந்தியர் ஒருவர் செய்த முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று கூறப்படுகிறது. துரைமார் உணவாக வந்தது, நம்மவர் கைத்தொழிலாகி, தெருமுனை பேக்கரிவரை இறங்கிவந்தது.

மேலும் கீழும் அனல் சூழ வேகவைக்கும் அந்த முறை இன்னும் அழிந்துவிடவில்லை. குக்கரின் அடியில் மணலோ உப்போ பரப்பி, வெயிட்டையும் ரப்பர் வளையத்தையும் எடுத்துவிட்டு, எண்ணெய் தடவிய சிறு எவர்சில்வர் கிண்ணங்களில் மாவை ஊற்றிக் கேக் செய்யும் தாய்மார்கள் பலர். கப்கேக் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு இவர்களே மிக நெருக்கமானவர்கள்.

நட்சத்திரத்திலிருந்து மெழுகுவர்த்திக்கு

தமிழ்க் குடும்பங்களில் பிறந்தநாள் என்பது பிறந்த மாதத்தில் வரும் பிறந்த நட்சத்திர நாளாகவே இருந்தது. எண்ணெய்க் குளியல், புத்தாடை, கோயிலில் அர்ச்சனை, வீட்டில் பாயசம் என்பவையே அதன் கூறுகள். ஆங்கிலத் தேதியைப் பள்ளிப் பதிவேடுகளும் சான்றிதழ்களும் நிலைநிறுத்திய பிறகு, கொண்டாட்டமும் மெல்ல அந்தத் தேதிக்கு நகர்ந்தது.

மெழுகுவர்த்தி ஏற்றும் வழக்கம் ஜெர்மனியிலிருந்து வந்தது. 1746-இல் கோமகன் ட்சின்சென்டார்ஃபின் பிறந்தநாளில், அவர் வயதின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கேக்கில் மெழுகுவர்த்திகள் செருகப்பட்டதாகக் குறிப்பு உள்ளது. நாம் மங்கல நாளில் விளக்கு ஏற்றுபவர்கள். அங்கோ ஏற்றிய சுடரை ஊதி அணைக்கிறார்கள். இதனால் சில வீடுகளில் பெரியவர்கள் முகம் சுளிப்பதும், குத்துவிளக்கை ஏற்றிவிட்டுக் கேக்கை வெட்டுவதும் உண்டு. ஒரு வழக்கம் இன்னொரு மண்ணில் வேர்விடும்போது இத்தகைய சமரசங்கள் இயல்பானவை.

ஜவ்வு மிட்டாயும் கார்ட்டூனும்

தின்பண்டத்தில் உருவம் செய்வது நமக்குப் புதிதல்ல. திருவிழாக்களில் நீண்ட மூங்கில் கழியின் உச்சியில் கைதட்டும் பொம்மையுடன் வரும் ஜவ்வு மிட்டாய்க்காரர், இளஞ்சிவப்புப் பாகை இழுத்துக் கைக்கடிகாரம், மயில், தேள் என்று கேட்ட உருவத்தைச் செய்து தருவார். கடிகாரத்தைக் குழந்தையின் மணிக்கட்டிலேயே கட்டிவிடுவார். குழந்தை கேட்க, கைவினைஞர் அதன் கண்ணெதிரே செய்து கொடுத்த இதுவே நம் ஊரின் உருவத் தின்பண்டம்.

தொலைக்காட்சி வந்த பிறகு உருவங்கள் மாறின. 1928-இல் திரைக்கு வந்த மிக்கி மவுஸ் தொடங்கி, 1969-இல் ஜப்பானியச் சித்திரக்கதையாகப் பிறந்த டோரேமான் வரை பல பாத்திரங்கள் தமிழ் வீடுகளுக்குள் நுழைந்தன. 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி, டோராவையும் புஜ்ஜியையும் தமிழ் பேசவைத்தது. 2008-இல் வந்த சோட்டா பீம், வேட்டியும் லட்டுமாக இந்தியக் குழந்தையின் நாயகனானான்.

இதே காலத்தில்தான் அமெரிக்காவில் கப்கேக் புது வாழ்வு பெற்றது. 1996-இல் நியூயார்க்கில் தொடங்கிய மேக்னோலியா பேக்கரியும், 2005-இல் பெவர்லி ஹில்ஸில் கப்கேக்குக்காகவே தொடங்கிய ஸ்பிரிங்கிள்ஸ் கடையும் அதை நாகரிகப் பண்டமாக்கின. கைபேசியும் யூடியூபும் அந்தக் கலையை உலகின் எல்லாச் சமையலறைகளுக்கும் கொண்டுசேர்த்தன.

இங்கு ஒரு சட்டச் செய்தியும் உண்டு. கார்ட்டூன் உருவங்களுக்கு 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. அவற்றை வரைந்து விற்கும் தொழிலுக்கு உரிமையாளரின் அனுமதி தேவை.

மலையில் கேக் சுடுதல்

ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. தண்ணீர் சுமார் 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அழுத்தம் குறைவதால் மாவுக்குள் இருக்கும் வாயு வேகமாக விரிகிறது. கேக் வெந்து உறுதிப்படுவதற்கு முன்பே பொங்கி, பிறகு நடுவில் அமுங்கிவிடுகிறது. சேலத்தில் சரியாக வந்த அளவு ஏற்காட்டில் பள்ளம் விழுவதன் காரணம் இதுவே.

சமவெளியில் 12 கப்கேக்குக்கு மைதா 150 கிராம், சர்க்கரை 120 கிராம், வெண்ணெய் 100 கிராம், முட்டை 2, பால் 80 மில்லிலிட்டர், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி என்பது நல்ல அளவு. மலையில் பேக்கிங் பவுடரைக் கால் பங்கும் சர்க்கரையை ஒரு மேசைக்கரண்டியும் குறைத்து, பாலை இரண்டு மேசைக்கரண்டி கூட்டலாம். தாள் குவளையில் பாதிக்குச் சற்று மேல்வரை மட்டுமே மாவு ஊற்ற வேண்டும். சமவெளியில் 180 பாகை வெப்பம் போதும்; மலையில் 5 முதல் 10 பாகை கூட்டினால் மேற்பரப்பு விரைவில் உறுதிப்படும்.

அலங்காரத்திலும் இடம் பேசுகிறது. சேலத்துக் கோடையில் வெண்ணெய்க் கிரீம் உருகி வழியும். ஏற்காட்டுப் பனிமூட்டத்திலோ, ஃபாண்டன்ட் எனப்படும் சர்க்கரை மாவு ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். எனவே பாத்திரங்களின் முகங்களைத் தட்டையாகத் தனியே செய்து உலரவைத்து, பரிமாறும் முன் கிரீமின் மேல் ஒட்டுவது நல்லது. கொண்டை ஊசி வளைவுகளில் பயணம் செய்யும் கேக்குக்கும் இதுவே பாதுகாப்பு.

நிறத்தின் விலை

கார்ட்டூன் என்றாலே அடர்ந்த நிறம். இங்கேதான் பெற்றோர் விழிப்பாக இருக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் டார்ட்ராசின், பிரில்லியன்ட் புளூ போன்ற 8 செயற்கை நிறங்களை மட்டுமே அனுமதிக்கின்றன. அவற்றுக்கும் அளவு வரம்பு உண்டு. பல பண்டங்களில் அது கிலோவுக்கு 100 மில்லிகிராம். கருஞ்சிவப்போ கருநீலமோ வரும்வரை சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக்கொண்டே போனால் இந்த வரம்பைத் தாண்டுவது எளிது. 2024 பிப்ரவரியில், துணிச் சாயமான ரோடமின்-பி கண்டறியப்பட்டதால் தமிழக அரசு பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. திருவிழாவின் இளஞ்சிவப்பு நிறத்தை நாம் எத்தனை காலம் கேள்வி கேட்காமல் குழந்தைகளுக்குக் கொடுத்தோம் என்று அந்த நடவடிக்கை எண்ணவைத்தது.

மாற்றுவழிகள் நம் கொல்லையிலேயே உள்ளன. பீட்ரூட் சாறு இளஞ்சிவப்பையும், மஞ்சள்தூள் மஞ்சளையும், சங்குப்பூ நீலத்தையும், கோகோ பழுப்பையும் தரும். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பட்டால் அது ஊதாவாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். சோட்டா பீம் கேட்கும் குழந்தைக்கு, கப்கேக்கின் மேல் ஒரு சிறு பூந்தி லட்டை வைத்தால் போதும். எந்தச் சாயமும் இன்றிப் பீம் வந்துவிடுவான். மலையாளிப் பழங்குடியினர் சேர்வராயன் மலையில் வழிவழியாகப் பயிரிட்டுவரும் கேழ்வரகின் மாவை மைதாவில் பாதி கலந்தால், நிறமும் மணமும் இம்மண்ணுக்கு உரியவையாகிவிடும்.

வகுப்பறையில் கப்கேக்

வண்ண உடை அணிந்து மிட்டாய் கொடுப்பது பள்ளிகளில் நெடுநாளைய பிறந்தநாள் வழக்கம். அன்று பத்து ரூபாய் மிட்டாய்ப் பொட்டலம் வாங்க இயலாத குழந்தை, பிறந்தநாளன்று பள்ளிக்கே வராமல் இருந்துவிடுவதை ஆசிரியர்கள் பலர் அறிவர். மிட்டாய் இருந்த இடத்தில் விலையுயர்ந்த பாத்திரக் கப்கேக் வரும்போது அந்த இடைவெளி மேலும் அகலும். அடுத்த குழந்தையின் பெற்றோர் கடன் வாங்கியாவது ஈடுகட்ட முயல்வர்.

ஆயினும் குறை பண்டத்தினுடையது அன்று. பெரிய கேக்கில் பூ இருக்கும் துண்டு ஒருவருக்கு, ஓரத் துண்டு மற்றொருவருக்கு எனப் பிரியும். கப்கேக்கிலோ எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரே முகம். மாதத்துக்கு ஒருமுறை, அம்மாதம் பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்து வகுப்பே கொண்டாடினால், யார் வீட்டில் என்ன வாங்கினார்கள் என்ற கேள்வி எழாது. கிண்ணத்தில் மாவை ஊற்றவும், ஆறிய கேக்கின் மேல் கண்ணும் மூக்கும் வைக்கவும் குழந்தைகளையே விடலாம். அளவுகளிலிருந்து கணக்கையும், மாவு எழும்புவதிலிருந்து அறிவியலையும் அவர்கள் கற்பார்கள். டோரேமானின் மூக்கு சற்றுக் கோணலாக அமைந்தாலும், அதைச் செய்த கை தங்கள் கை என்பது அவர்களுக்குத் தெரியும்.