செம்பரம்பாக்கம் ஏரியும் வாட்ஸ்அப் வதந்தியும்

செம்பரம்பாக்கம் என்றாலே சென்னைவாசிகளுக்கு 2015 டிசம்பர் 1-ம் தேதி இரவுதான் ஞாபகம் வரும். 24 அடி உயரத்துக்கு, 3,645 மில்லியன் கன அடி தண்ணீர் பிடிக்கும் ஏரி. அன்றிரவு விநாடிக்கு சுமார் 29,000 கன அடி வரை அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரத்தில் பலருக்கு, வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிறகுதான் விஷயமே தெரிந்தது.

ஆனால் செல்போனில் செய்திகளுக்குப் பஞ்சமே இல்லை! முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று ஒரு புரளி. பண்ணைக்காரர்களே மறுப்பு சொல்ல வேண்டியதாயிற்று. நாசா எச்சரித்ததாக இன்னொன்று. சொல்ல வேண்டியவர்கள் சரியான நேரத்தில் சொல்லாதபோது, கிடைத்ததை நம்புவதுதானே மனித இயல்பு?

அதே இணையத்தில்தான் எங்கே சாப்பாடு, எங்கே படகு என்று இளைஞர்கள் பட்டியல் போட்டார்கள். நிவாரணப் பொருட்களில் முதல்வர் படம் ஒட்டியதைக் கேள்வி கேட்டதும் அங்கேதான். ஆகவே சமூக வலைத்தளங்கள் ஜனநாயகத்துக்கு எதிரி என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட முடியாது. டிசம்பர் நடுவில் முதல்வர் ஜெயலலிதாவே வாட்ஸ்அப் ஒலிப்பதிவில் மக்களிடம் பேசினார். புரளி, உதவி, அரசாங்கம் எல்லாம் ஒரே பாதையில். அந்தப் பாதையோ 2014-ல் ஃபேஸ்புக் விலைக்கு வாங்கிய பாதை. உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

2018 மே மாதம் குழந்தை கடத்தல் வதந்தி தமிழ்நாட்டில் பரவியது. போளூர் அருகே அத்திமூரில், கோயிலுக்குப் போன வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரார் அடித்தே கொன்றார்கள். பழவேற்காட்டிலும் ஓர் உயிர் போனது. வேறு மாநிலங்களிலும் இப்படியே நடக்க, மத்திய அரசு வாட்ஸ்அப்புக்குக் கண்டனம் தெரிவித்தது. ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைகளுக்கு மேல் முன்னனுப்ப முடியாது என்று இந்தியாவில் கட்டுப்பாடு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் ஏன் ஐந்து? ஏன் மூன்றில்லை? முடிவு செய்தது சட்டமன்றமோ நாடாளுமன்றமோ அல்ல, கலிபோர்னியாவில் இருக்கும் ஒரு கம்பெனி.

2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு ஒரு சட்டம் போட்டது. அங்கே 4.5 கோடிக்கு மேல் பயனாளர்கள் உள்ள தளங்கள், தேர்தலுக்கும் பொது விவாதத்துக்கும் தங்களால் வரும் ஆபத்தை ஆண்டுதோறும் மதிப்பிட வேண்டும். வெளியார் தணிக்கையும் உண்டு. இந்தியாவின் 2021 விதிகள் 50 லட்சம் பயனாளர்களுக்கு மேல் உள்ள தளங்களை குறைதீர் அதிகாரி வைக்கச் சொல்கின்றன. அப்படியொரு மதிப்பீட்டை அவை கேட்கவில்லை. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் போலி வீடியோக்கள் பரவியபோது, உண்மையை நேரில் பார்க்க பீகார் அரசு ஒரு குழுவையே அனுப்ப வேண்டியிருந்தது.

செம்பரம்பாக்கத்தில் மட்டும் ஒரு மாற்றம் தெரிந்தது. நிவர் புயலின்போது, 2020 நவம்பர் 25 அன்று, பகல் 12 மணிக்கு 1,000 கன அடி திறக்கப்படும் என்று அதிகாரிகள் முன்கூட்டியே அறிவித்தார்கள். அதன் பிறகே மதகு திறந்தது.